ஈ என்ற பெயரில் ஒரு மீன்

பசித்த மீன்தான் தூண்டிலைக் கடிக்கும் என்று உலகம் நம்புகிறது. இந்தப் பிழையைத் திருத்தாமல் மேலே செல்ல மனச்சாட்சி இடம் தரவில்லை. மீன் அழகில் மயங்கியும் கடிக்கும். அந்த அழகைத் தயாரிக்கும் தொழிலில், தொண்ணூறுகளின் நடுவே, சரவணம்பட்டியில் ஒரு தகர ஷெட்டில் நான் சூப்பர்வைசர். கொக்கியில் வெள்ளை ஆட்டுமுடியையும் ஜிகினாவையும் நூலால் இறுக்கிக் கட்டி, கண் ஒட்டி, பசை பூசினால் ஒரு குட்டி மீன். வெளிநாட்டுக்காரர்கள் அதை ‘ஃப்ளை’ என்பார்கள், அதாவது ஈ. பெயர் வைத்தவர் முதலில் ஈ கட்டியிருப்பார்.

ஒரு வெளிநாட்டு வியாபாரி படம் ஒன்றை அனுப்பி, அதன்படி ஒரு மாதிரி கட்டி அனுப்பக் கேட்டிருந்தார். ஏரி, ஆறு, கடல் எல்லாவற்றுக்கும் ஒரே மீன் வேண்டுமாம். அது தேறினால் ஷெட் ஓடும். இல்லையென்றால் கோழிப்பண்ணைக்கு விட்டுவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். மாதிரி அனுப்பிவிட்டுத் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக் கிடந்தவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஜிகினா

டவுன்ஹால் பக்கத்துக் கடையில் ஜிகினா இழைகளை ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்கார பாய் பொறுத்துப் பார்த்துவிட்டு, பொண்ணு அழைப்புக்கா, சாமி அலங்காரத்துக்கா என்று கேட்டார். மீனுக்கு என்றேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“அப்ப மாப்பிள்ளை எந்தக் கொளமுங்க?”

பக்கெட்டில் கடல்

கோயமுத்தூரில் கடலுக்கு எங்கே போவது? ஒரு பக்கெட்டில் சிறுவாணித் தண்ணீர், இன்னொன்றில் கல்லுப்பு கரைத்த கடல். மீனை நூலில் கட்டி மெல்ல இழுத்தோம். உலர்ந்திருந்தபோது பல் தேய்க்கும் பிரஷ் மாதிரி இருந்தது, நனைந்ததும் உடம்பானது. இழுத்தால் முடி ஒடுங்கியது, நிறுத்தினால் விரிந்தது. மூச்சு விடுவது போலவே இருந்தது. தகரக் கூரையின் ஓட்டை வழியே விழுந்த வெயில் அதன் முதுகில் ஏறி இறங்கியது. கரண்ட் போனதையும், டீ ஆறி ஆடை படிந்ததையும் யாரும் கவனிக்கவில்லை. மீன் கட்டுகிறவர்களில் கைத்திறமைக்காரரான தனம் அக்கா கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

“உப்புத் தண்ணி பரவாயில்லீங்க. இருந்தாலும் சிறுவாணியிலதான் அதுக்கு மனசு ஒட்டுது.”

பொட்டு

பார்சல் போன மறுநாள், தனம் அக்கா தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். கண் ஒட்டியதும் அந்த மீன் அப்படியே உயிரோடு பார்த்ததாம். நாலு பேர் கண் படுமே என்று, பசை பூசுவதற்கு முன்னால் கன்னத்தோரம் கண்மையால் ஒரு பொட்டு வைத்துவிட்டாராம். வியாபாரி அனுப்பிய படத்தில் பொட்டு இல்லை. மாதிரி என்றால் படத்தில் உள்ளபடி இருக்க வேண்டும் என்று நான் ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன். முதலாளி கோபிக்கவில்லை. கோழிப்பண்ணைக்காரருக்குப் போன் போட எழுந்தவர், வாசலில் நின்று சொன்னார்.

“கண்ணு படக் கூடாதுன்னா கட்டறோம், அம்மணி? கண்ணு படத்தானே கட்டறோம்.”

பதில்

பதில் ஃபேக்ஸில் வந்தது. அவர்கள் கடற்கரையில் திரியும் குட்டி மீன்களுக்குச் செவுளுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி உண்டாம். படத்தில் போட மறந்ததை நாங்களாகவே எப்படிக் கண்டுபிடித்தோம் என்று வியாபாரி வியந்திருந்தார். எல்லா மீனிலும் அது வேண்டும் என்றும் எழுதியிருந்தார். முதலாளி தாளை என்னிடம் கொடுத்தார். தனம் அக்கா நூல்கண்டைத் தேடுவதுபோல் மேசைக்கடியில் குனிந்துகொண்டார். என்ன பதில் எழுதுவது என்று முதலாளியிடம் கேட்டேன்.

“ஆராய்ச்சி பண்ணினோம்னு எழுதிப்போடுங்க.”

அடுத்த வாரத்திலிருந்து முடி, ஜிகினா, பசையோடு கண்மை டப்பாவும் கம்பெனிச் செலவில் வரத் தொடங்கியது.