கோல்கீப்பரின் வலது முழங்கால்

பிள்ளைகளே, கல்லூரிக் கால்பந்து என்றால் உங்களுக்குத் தலைக்கவசம் போட்டு ஆளோடு ஆள் மோதுகிற அமெரிக்க விளையாட்டுத்தான் நினைவுக்கு வரும். நான் எழுதுவது வேறு. யாழ்ப்பாணத்தில் சின்ன வகுப்பிலிருந்து படிக்கிற பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரி என்றுதான் பெயர். கால்பந்து என்றால் காலால் உதைக்கிற பந்து, நீங்கள் சொக்கர் என்கிறீர்களே, அது. ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த எங்கள் ஆட்கள் முதலில் வேலை தேடினார்கள், பிறகு கல்லூரிக்கு ஒரு பழைய மாணவர் சங்கம் தொடங்கினார்கள், சங்கத்தின் இரண்டாவது கூட்டத்திலேயே கால்பந்து அணி அமைத்தார்கள். முப்பது வயது தாண்டிய, தொப்பை வைத்த மனிதர்கள் கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அரைக்காற்சட்டை போட்டுக்கொண்டு கல்லூரிகளுக்கு இடையில் இருந்த பழைய பகையைத் தொடர்ந்தார்கள்.

நானும் அப்படி ஒரு கல்லூரியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். விளையாடத் தெரியாது. அதன் அணிக்குச் செயலாளராக இருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் சனிக்கிழமை காலையில் தொலைக்காட்சியில் அரை மணி நேரம் தமிழ் நிகழ்ச்சி ஒன்று போகும். செய்தி, மரண அறிவித்தல், நகைக்கடை விளம்பரம், பிறகு விளையாட்டு. மே மாதம், சுற்றுப்போட்டி தொடங்க இரண்டு கிழமை இருக்கும்போது, இரண்டு பேர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து அமர்வார்கள். எந்தக் கல்லூரி கிண்ணம் எடுக்கும், எது முதல் ஆட்டத்திலேயே வீட்டுக்குப் போகும் என்று சொல்வார்கள். ஒருவர் மெலிந்தவர், தலையாட்டுவதுதான் அவருடைய வேலை. மற்றவர் கண்ணாடி போட்டவர். பேச்செல்லாம் அவருடையது.

அந்த வருடம் அதைப் பார்க்க ஸ்காபரோவில், வோபர்னில் எங்கள் எட்டாம் மாடி வீட்டில் எட்டுப் பேர் கூடியிருந்தோம். உங்கள் அம்மா றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் ஒவ்வொரு கல்லூரியாகச் சொல்லி வந்து எங்களைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

"இவர்கள் முதல் சுற்றைத் தாண்டுவது கடினம். இவர்களுடைய கோல்கீப்பருக்கு வலது முழங்கால் சரியில்லை. அந்தப் பக்கம் விழுந்து பிடிக்க அவரால் முடியாது."

மெலிந்தவர் தலையாட்டினார். நகைக்கடை விளம்பரம் மறுபடியும் வந்தது.

எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"முழங்காலோ? உவனுக்கு ஆர் சொன்னது?"

"திருப்பிப் போடு. வீடியோவிலை பதிஞ்சனிதானே, திருப்பிப் போடு."

நான்கு தரம் திருப்பிப் போட்டோம். ஐந்தாம் தரம் ஒருவர் எழும்பிப் போய்த் திரையில் விரலை வைத்தார்.

"இதிலை பார். முழங்கால் எண்டு சொல்லேக்கை கண்ணாடியைத் தொடுறான். கள்ளன்தான் அப்பிடித் தொடுறது."

"கண்ணாடி வழுக்கியிருக்கும்."

"உனக்கு எல்லாரும் நல்லவங்கள்! அவன் எந்தக் கல்லூரி? முதலிலை அதைச் சொல்லு."

அதுதான் கேள்வி. அன்று பின்னேரத்துக்குள் தொலைபேசியில் முழு விசாரணையும் நடந்து முடிந்தது. அவர் எங்கே படித்தவர், தாய் எந்த ஊர், தகப்பன் எந்த ஊர், எங்கே கலியாணம் கட்டினவர், தங்கச்சியை எங்கே கட்டிக் கொடுத்தவர். கடைசியில், இந்தச் சுற்றுப்போட்டியில் அணியே இல்லாத ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில்தான் அவர் படித்தவர் என்று தெரிந்தது. நியாயமாகப் பார்த்தால் விசாரணை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

"அதாலைதான் எனக்குச் சந்தேகம் கூடுது," என்றார் எங்கள் சங்கத் தலைவர். "ஒரு கல்லூரிக்கும் ஆள் இல்லையெண்டால், அவனை ஆரும் வாங்கலாம்."

இவ்வளவு நேரமும் நான் வாய் திறக்கவில்லை. முழங்கால் கதை உண்மை என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் கோல்கீப்பர் வேறு யாருமில்லை, நீங்கள் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர்தான். அன்று அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கவில்லை. நான் அவரை அண்ணை என்பேன். இரத்த உறவு கிடையாது. நான் விமானம் இறங்கி வந்த கிழமை பார்க்டேலில் அவருடைய ஒற்றை அறை வீட்டில்தான் படுத்தேன். ஏற்கெனவே அங்கே நான்கு பேர். கால் நீட்ட இடமில்லாமல் அவர் குசினிப் பக்கம் தலை வைத்துப் படுத்து எனக்கு இடம் விட்டார். பிறகு இரண்டு பேரும் ஸ்காபரோவுக்கு, பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களுக்கு வந்தோம். இரண்டு பேருக்கும் மார்க்கத்தில் ஒரே தொழிற்சாலையில் வேலை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஐந்து வருடமாக அவருடைய காரில்தான் போய் வந்தேன். பனிக்காலத்தில் அவர் படியில் சறுக்கி விழுந்ததும், முழங்கால் வீங்கியதும், காரின் பெடலை மிதிக்கும்போது அவர் பல்லைக் கடிப்பதும் பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, ரீமிலையிருந்து எடுத்துப்போடுவாங்கள்," என்றார். நான் ஒருவரிடமும் வாயால் சொல்லவில்லை.

அப்படியென்றால் தொலைக்காட்சிக்கு எப்படிப் போனது? சனி இரவும் ஞாயிறும் எனக்கு இதே யோசனை. எனக்கும் அவருக்கும் அவருடைய மனைவிக்கும்தான் தெரியும். நான் சொல்லவில்லை. விசாரணையில் வந்த இன்னொரு செய்தி அப்போது என் மண்டைக்குள் நின்றது. கண்ணாடிக்காரரின் தாயும் அண்ணையின் மனைவியும் ஒரே ஊர். இரண்டு வீட்டுக்கும் ஒரே ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு வழியாகத்தான் போக வேண்டும்.

திங்கட்கிழமை காரில் அவரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவருடைய முகத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே போனேன். வானொலிப் பாட்டுக்கு அவர் விரலால் தாளம் போட்டதும் எனக்கு ஒரு நடிப்பாகத் தெரிந்தது.

புதன்கிழமை பின்னேரம் எங்கள் கட்டடத்தின் கீழ்மாடி மண்டபத்தில் கூட்டம். பதினைந்து பேர். அண்ணையும் வந்திருந்தார். தலைவர் ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்டார்.

"உள்வீட்டு ஆள் ஒருத்தர் கதைச்சிருக்கிறார். ஆரெண்டு எனக்குத் தெரிய வேணும். செயலாளர், தினமும் ஒரே காரிலை போறது நீர். முழங்கால் உமக்குத் தெரியும்தானே?"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. பயந்துவிட்டேன் என்பதைத்தான் உங்களுக்கு உண்மையாக எழுத வேண்டும்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனால் அந்த ரீவிக்காரரின்ரை தாயும் அண்ணையின்ரை மனுசியும் ஒரே ஒழுங்கை."

"ஓகோ," என்றது பின்வரிசை.

"அதுதானே! கோல் விட்டால் சொல்லுறதுக்கு இவரே முதலே ஒரு சாட்டு வைச்சிருக்கிறார்."

அண்ணை என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. தவறான ஆளிடம் வழி கேட்டுவிட்டவர் பார்ப்பது போல ஒரு பார்வை. பைக்குள்ளிருந்து கையுறையை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதை ஆருக்கும் பொருந்தினால் குடுங்கோ," என்று சொல்லிவிட்டுப் படியேறினார். படியில் ஏறும்போது நொண்டாமல் ஏறப் பார்த்தார்.

அடுத்த நாள் காலை கார் வரவில்லை. மார்க்கத்துக்கு இரண்டு பஸ் மாறி, நடுவில் காற்றில் நின்று, ஒன்றே முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். சாப்பாட்டு மேசையில் அவர் வேறு ஆட்களுடன் இருந்தார்.

சுற்றுப்போட்டியன்று உணவகத்தில் கொத்துரொட்டி போடுகிற ஒரு பையனைக் கோலுக்கு விட்டோம். நல்ல கை வேகம். ஆனால் பந்து வந்தால் கண்ணை மூடுவான். மூன்று கோல். எங்கள் பக்கத்திலிருந்து ஒன்றும் இல்லை.

"ரீவியிலை சொன்னபடியே நடந்திட்டுது பாத்தியோ," என்றார் அன்று திரையில் விரல் வைத்தவர். "இதெல்லாம் முதலே பேசி வைச்ச விளையாட்டு."

மைதானத்தின் ஓரத்தில் கண்ணாடிக்காரர் கமெராக்காரனுடன் நின்று வடை தின்றுகொண்டிருந்தார். நான் நேரே போனேன்.

"உங்களிட்டை ஒண்டு கேக்கலாமோ?"

"கேளுங்கோ தம்பி."

"எங்கடை கோல்கீப்பரின்ரை முழங்காலைப் பற்றி உங்களுக்கு ஆர் சொன்னது?"

வடையை மெல்லுவதை நிறுத்தினார். "நீங்கள் எந்தக் கல்லூரி?"

சொன்னேன்.

"நீங்கள்தானே எழுதிக் குடுத்தனியள்," என்று கமெராப் பையிலிருந்து காகிதக் கட்டு ஒன்றை எடுத்தார். போட்டிக்குழு எல்லா அணிகளின் பதிவுப் படிவங்களையும் பிரதி எடுத்து நிகழ்ச்சிக்குக் கொடுத்திருந்தது. எங்களுடையதை விரித்துக் காட்டினார். என் கையெழுத்து. பெயர், வயது, விளையாடும் இடம், கடைசியில் "வேறு விபரம் இருந்தால்" என்று ஒரு பெட்டி. மற்றக் கல்லூரிகள் எல்லாம் அதை வெறுமையாக விட்டிருந்தன. நான் பதினாறு பேருக்கும் நிரப்பியிருந்தேன். இவருக்கு இரவு வேலை. இவர் புதிதாகக் கலியாணம் கட்டியவர். இவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. அண்ணைக்கு நேரே: வலது முழங்காலில் நோவு, அந்தப் பக்கம் விழுவது கடினம், எனினும் விளையாடுவார்.

பங்குனி மாதத்தில் ஒரு மதிய இடைவேளையில் எழுதியது. அடியோடு மறந்துபோயிருந்தேன்.

ஏன் எழுதினேன் என்று நீங்கள் கேட்பீர்கள். அகதி வழக்குக்குப் படிவம் நிரப்பிய நாளில் மொழிபெயர்ப்பாளர் எனக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு பெட்டியையும் வெறுமையாக விடாதை, விட்டால் எதையோ ஒளிக்கிறாய் என்று நினைப்பினம். அன்றிலிருந்து எந்தப் படிவத்திலும் நான் பெட்டியை வெறுமையாக விட்டதில்லை. உங்களுடைய நூலக அட்டைப் படிவத்தில் உங்களுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்று நான் எழுதியதால் நீங்கள் வெட்கப்பட்டீர்கள்.

"இவ்வளவு விபரமாய் எழுதின சங்கம் உங்கடை ஒண்டுதான்," என்றார் கண்ணாடிக்காரர். "அவரும் விளையாடுவார் எண்டுதானே எழுதியிருக்கிறியள். பிறகேன் இறக்கேல்லை?"

இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். என் கையெழுத்தைக் கண்ட பிறகும் முதலில் எனக்குத் தோன்றியது, யாரோ என் எழுத்தைப் போலவே எழுதியிருக்கிறார்கள் என்பதுதான். "எனினும்" என்ற சொல்லைக் கண்ட பிறகே நம்பினேன். எங்கள் கூட்டத்தில் அந்தச் சொல்லை எழுதுகிறவன் நான் மட்டும்தான்.

மைதானத்திலிருந்து நேரே அண்ணை வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி கதவைத் திறந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அண்ணை சோபாவில் காலை நீட்டி, முழங்காலில் ஐஸ்கட்டிப் பையை வைத்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நீதான்," என்றார்.

"ஓம் அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"எழுதினதுக்கு நான் என்ன சொல்ல? நீ எல்லாத்தையும் எழுதுறவன். ஐஞ்சு வருசம் பக்கத்திலை இருந்தனி. அண்ணை, நீங்களோ சொன்னது எண்டு ஒரு சொல் என்னைக் கேட்டிருக்கலாமே?"

அவர் ஐஸ்கட்டிப் பையைத் திருப்பி வைத்தார்.

"எனக்கு முன்னாலை மட்டும் சொல்லிப்போட்டுப் போகாதை. எத்தினை பேருக்கு முன்னாலை சொன்னனியோ அத்தினை பேருக்கு முன்னாலை சொல்லு."

அடுத்த புதன்கிழமை அதே மண்டபத்தில் எழும்பி நின்று சொன்னேன். எல்லோரும் அண்ணை பக்கம் திரும்புவார்கள், ஒருவராவது மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

தலைவர் தாடையைத் தடவினார். "அது சரி. அப்ப அந்தப் படிவத்தை ரீவிக்குக் குடுத்தது ஆர்?"

"போட்டிக்குழு."

"குழுவிலை ஆர் ஆர் இருக்கினம்? ரெண்டு பேர் எங்களை வெண்ட அந்தக் கல்லூரிக்காரர். இப்ப விளங்குதோ?"

"நான் அப்பவே சொன்னனான்!" என்றார் திரையில் விரல் வைத்தவர்.

விசாரணை புதிதாகத் தொடங்கிவிட்டது. அண்ணையை ஒருவரும் பார்க்கவில்லை. அவருடைய கையுறை அங்கே அலுமாரியின் மேல் கிடந்தது. அவரே எட்டி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். நான் பின்னால் போனேன். கார் தரிப்பிடத்தில் காரைத் திறக்கிற திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"பஸ் ரிக்கெற் மிச்சம் இருக்கோ?"

"ஒரு கட்டு வாங்கி வைச்சிருக்கிறன் அண்ணை."

"அதை முடி. பேந்து பாப்பம்."

அதை முடித்தேன். கடைசி ரிக்கெற் முடிந்த நாள் பின்னேரம் தொலைபேசியில் சொன்னேன். "விடிய ஐந்தரைக்குக் கீழை நில்," என்று வைத்துவிட்டார். கார் வந்தது. வானொலி, பாட்டு, வேலைக்கதை, எல்லாம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. அடுத்த வருடம் அவர்தான் கோலுக்கு நின்றார். பெடலை மிதிக்கும்போது அவர் பல்லைக் கடிப்பதைக் கண்டு, "நோகுதோ அண்ணை?" என்று கேட்டேன். "இல்லையே," என்றார், ரோட்டைப் பார்த்தபடி. அதற்குப் பிறகு நான் எத்தனை தரம் கேட்டாலும் அதே சொல்தான். பின்னாளில் முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை செய்ததைக்கூட உங்கள் அம்மா சொல்லித்தான் அறிந்தேன்.

பெரியப்பா ஏன் இப்போது தடி ஊன்றுகிறார் என்று போன மாதம் நீங்கள் என்னைக் கேட்டீர்கள். முழங்காலா, இடுப்பா, எனக்குத் தெரியாது. அவர் என்னிடம் சொல்வதில்லை. நீங்கள் கேட்டுப் பாருங்கள். உங்களுக்குச் சொல்லக்கூடும்.