மூன்று திண்டுக்கல் பூட்டும் ஹமீதின் கேசட்டும்

என் வாழ்நாளில் அல்லாஹ் கைமேல் பதில் தந்த துஆ ஒன்று உண்டு. அதை நான் கெஞ்சிக் கேட்கவில்லை. சண்டை போட்டுக் கேட்டேன். ஸஜ்தாவில் நெற்றியை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். ஏன் அப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன் சகோதரர்களே, திட்டுவதானால் அப்புறம் திட்டுங்கள்.

எழுபத்தாறாம் வருஷம், ஷஃபான் மாதம், கொளுத்தும் வெயில். துபாய் தேராவில் நான் தையல் மெஷின் மெக்கானிக். கடை கிடையாது. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று, அதன் பின்னால் இழுத்துப் போக இரண்டு சக்கரம் வைத்த தகரப்பெட்டி டிரெய்லர் ஒன்று. ஸ்பேனர், ஊசி, பெல்ட், மோட்டார் எல்லாம் அதற்குள். ஷார்ஜா, அஜ்மான், ராஸ் அல் கைமா என்று தையல்கடை தையல்கடையாகப் போவேன். அந்தப் பெட்டிதான் என் கடை, என் சோறு.

அதனால் அதற்கு மூன்று பூட்டு. மூன்றும் ஊரிலிருந்து சுமந்து வந்த திண்டுக்கல் பூட்டு. ஒன்று மூடிக்கு. ஒன்று, இரண்டு சக்கரத்தையும் சேர்த்துக் கோத்த சங்கிலிக்கு. மூன்றாவது, பைக்கில் மாட்டும் கொக்கிக்கு. பாங்கு சொன்னதும் சூக்கில் கடைக்காரர்கள் சரக்கின் மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டுத் தொழப் போய்விடுவார்கள். நான் மட்டும் சாவிக்கொத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பேன். ரூமில் எனக்குப் பேரே பூட்டு காசிம். சிரிக்கட்டும். திருட்டுக் கொடுத்தவனுக்குத்தானே தெரியும்! ஷார்ஜாவில் ஒரு தடவை ஸ்டெப்னி டயரைப் பறிகொடுத்தவன் நான். அன்றிலிருந்து எந்த மனுஷனையும் நம்புவதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

ஹமீது எங்கள் கீழக்கரைக்காரன், என் கூட்டாளி. ராஸ் அல் கைமாவில் ஒரு கட்டட சைட்டில் வேலை. சாரம் சரிந்து விழுந்து மவுத்தாகிவிட்டான். அங்கேயே அடக்கம் செய்தோம். ஊரில் அவன் பெண்டாட்டி பிரசவித்து மூன்று மாதம். பெண் பிள்ளை. அதன் முகத்தை அவன் பார்க்கவேயில்லை. பிள்ளைக்குப் பேரும் வைக்கவில்லை. "வாப்பா வாயாலதான் பேரு வரணும்" என்று பெற்றவள், அந்தப் பொண்ணு, பிடிவாதமாக இருந்தது. அதற்காக ஹமீது ஒரு கேசட்டில் பேசிப் பதிந்து வைத்திருந்தான். பேர் என்னடா என்று நான் கேட்டபோது, "போடா, மொதல்ல எம்புள்ள காதுல விழட்டும். ஒனக்கு எதுக்கு?" என்றான். அடுத்த வாரம் ஆளே இல்லை.

அவன் பெட்டியை கேம்பிலிருந்து விடுவிக்க ஒரு மாதம் நாயாய் அலைந்தேன். விசா கொடுத்த கஃபீல் இல்லை, நாளைக்கு வா, முத்திரை இல்லை, நாளைக்கு வா. மறுநாள் காலை எங்கள் ஊர் செய்யது காக்கா பம்பாய்க் கப்பலில் லீவில் போகிறார் என்ற நிலையில்தான் பெட்டி கைக்கு வந்தது. இரண்டு சேலை, ஒரு டிரான்சிஸ்டர், பிள்ளைக்குக் கொலுசு, அந்தக் கேசட். கேசட்டைச் சட்டைப்பையில் வைத்திருக்கலாம். மூன்று பூட்டு இருக்கும்போது பை எதற்கு என்று அதையும் டிரெய்லருக்குள் வைத்துப் பூட்டினேன். புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

துபாய் திரும்பும் வழியில், உம்முல் குவைன் வருவதற்கு முன்னால் பைக் இருமியது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. ரிசர்வில் இருப்பது பாரம் இழுத்துப் போகக் காணாது. ரோட்டோரம் ஒரு சின்னப் பள்ளிவாசல், எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரர் பலூச்சி, நூர் முகம்மது என்று பேர். டிரெய்லரை நான் கழற்றுவதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"பாய், இதர் ரக்கோ. மேரா ஆங்க் கே சாம்னே. கோயி நஹி சூயேகா."

தன் கண்ணெதிரிலேயே நிறுத்து, ஒருத்தரும் தொட மாட்டார்கள் என்கிறார். எனக்கோ, கேட்காமலே உதவ வருகிறவன்தான் முதல் திருடன் என்று எண்ணம். "அச்சா, அச்சா" என்று தலையாட்டிவிட்டு, அவர் கண்ணில் படக்கூடாது என்றே பள்ளிவாசலின் பின்சுவருக்கு அப்பால் தள்ளிக்கொண்டு போனேன். மூன்று பூட்டையும் போட்டு, இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

பங்க் போய்த் திரும்ப முக்கால் மணி நேரம். வந்து பார்த்தால் வெறும் மணல்.

சக்கரத்தைச் சக்கரத்தோடு பூட்டியிருந்தேனே தவிர, எதோடும் கட்டவில்லை. மணலில் எதில் கட்டுவது? பூட்டும் சங்கிலியுமாக அலாக்காகத் தூக்கி பிக்கப்பில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள், படுபாவிகள். டயர் தடம் மட்டும் கிடந்தது.

நேராக ஓடிப்போய் நூர் முகம்மதுவின் சட்டையைப் பிடித்தேன். "நீதான்டா! ஆள் வச்சு எடுத்தியா? எங்கடா ஏம்பொட்டி?" தமிழில்தான் கத்தினேன். அவருக்குப் புரியாமல் போகுமா? முகம் சிவந்துவிட்டது. என் கையைத் தட்டிவிட்டு, "மை போலா நா, இதர் ரக்கோ! தும் சுப்பாயா!" என்று அவரும் கத்தினார். இங்கே வை என்றேனே, நீதான் ஒளித்தாய் என்கிறார். அது உண்மைதான். உண்மையாக இருந்ததால் கோபம் இன்னும் ஏறியது.

அந்த நேரம் அஸர் பாங்கு சொன்னார்கள். தொழ மனம் எங்கே இருந்தது? கால் தானாகப் போய் நின்றது. தொழுகை ஸஃப்பில், அந்த வரிசையில், எனக்குப் பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி நின்றது யார் என்கிறீர்கள்? அதே நூர் முகம்மது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஸஜ்தாவில் கேட்டேன். "யா ரப்பே, ஸ்பேனர் போகட்டும், மோட்டார் போகட்டும், நான் பட்டினி கிடக்கிறேன். அந்தக் கேசட் ஹமீதுடைய நாக்கு. இன்னொரு தடவை அவனைப் பேச வைக்க என்னால் முடியாது. உன்னைத் தொழுகிற இடத்துக்குப் பின்னாலேயே உன் அடிமையிடம் ஒப்படைத்த அமானிதம் களவு போனால், அந்தப் பொண்ணுக்கு நான் என்ன சொல்வேன்? நீயே சொல்லு!" இப்படித்தான் கேட்டேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

ஸலாம் கொடுக்க முகத்தைத் திருப்பினேன். அவர் முகம். எழுந்ததும் என் தோளைத் தட்டி, "யல்லா, சலோ" என்றார். பள்ளிவாசலுக்குப் பின்னால் போய்க் குனிந்து தடத்தைப் பார்த்தார். ஒரு டயர் தேய்ந்தது, ஒன்று புதுசு என்று காட்டினார். கடை மேல் ஒரு துணியைப் போர்த்தினார், அவ்வளவுதான், பூட்டு ஒன்றும் இல்லை. தன் பழைய பிக்கப்பில் என்னை ஏற்றிக்கொண்டார். நான் அவர் சட்டையைப் பிடித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

தடம் ரோட்டை விட்டு உள்ளே இறங்கியது. நாலைந்து மைல் போயிருப்போம். ஒரு பள்ளத்தில் என் டிரெய்லர் தலைகீழாகக் கிடந்தது. மூன்று திண்டுக்கல் பூட்டும் பூட்டியபடியே இருந்தன! அடித் தகரத்தைக் கடப்பாரையால் கிழித்து எடுத்திருந்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. சேலை, டிரான்சிஸ்டர், பிள்ளையின் கொலுசு, என் சாமான் எல்லாம் போச்சு. நான் அந்தப் பூட்டுகளை உதைத்தேன். கால் விரல் வீங்கியது.

"பாய், தேக்கோ" என்றார் அவர். பக்கத்து முட்செடியில் ஏதோ பழுப்பாக மின்னியது. கேசட்டின் நாடா. பாட்டு கேசட்டாக இல்லாததால் உருவி எறிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். செடி முழுக்கச் சுற்றிக்கொண்டு காற்றில் ஆடியது.

அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் முட்செடிக்கு முன்னால் உட்கார்ந்தோம். நான் திருடனின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே முள் முள்ளாக விடுவித்தேன். அவர் செடியடியில் கிடந்த கேசட் கூட்டில் பென்சிலைச் செருகி மெல்ல மெல்லச் சுற்றினார். இரண்டு பேர் விரலிலும் ரத்தம். ஓரிடத்தில் நாடா அறுந்திருந்தது. ஒரு துண்டு கிடைக்கவேயில்லை. மிச்சத்தைக் கடைக்குக் கொண்டுவந்து ஒட்டு டேப்பால் ஒட்டினேன். மெஷின் வேலை செய்த கை, அதுவாவது உதவியது.

பாடுகிறதா என்று பார்க்க அவருடைய டேப் ரெக்கார்டரில் போட்டோம். கரகர என்றது. பிறகு ஹமீது பேசினான்.

"...இதக் காசிம்ட்டதான் குடுத்து அனுப்புவேன். சரியான கோவக்காரப் பய. ஆனா அவங்கிட்ட குடுத்தா வந்து சேந்துரும், பயப்படாத..."

நான் நிறுத்திவிட்டேன். மேலே கேட்க எனக்கு உரிமை இல்லை. அப்போதுதான் அழுதேன், கடை நாற்காலியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு. நூர் முகம்மதுவின் கையைப் பிடித்து "மாஃப் கரோ பாய்" என்றேன். "கலாஸ், கலாஸ்", முடிந்தது விடு என்று டீ ஊற்றினார்.

கேசட் கப்பலேறியது. ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அறுந்துபோன துண்டில்தான் பேர் இருந்ததோ? இரண்டு மாதம் கழித்து அந்தப் பொண்ணிடமிருந்து ஒரு கேசட் வந்தது.

"காக்கா, அவுக பேசுனது வந்து சேந்துச்சு. நடுவுல கொஞ்சம் இல்ல. என்னையத் திட்ட ஆரம்பிச்சாக, அதோட நின்னு போச்சு. பரவால்ல, அதான் எனக்கு மனப்பாடமாச்சே. கடைசியில பாங்கு சொல்லி, பேரச் சொன்னாக, மூணு தடவ. டேப்ப புள்ளயோட வலது காதுகிட்ட வச்சேன். அழுதுக்கிட்டிருந்தவ அழுகைய நிறுத்திட்டா காக்கா. இங்க பாரு, மரியம்... மரியம்..."

அதன் பின் ஒரு குழந்தையின் சத்தம்.

அதை எடுத்துக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போனேன். நூர் முகம்மதுவுக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. கடைசி வரை தலை குனிந்து கேட்டார். "மரியம்?" என்றார். ஆமாம் பாய் என்றேன். இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டார்.

இன்றும் என் டிரெய்லருக்கு மூன்று பூட்டு உண்டு. கூடவே ஒரு நீள இரும்புக் கம்பியும் உண்டு, மணலில் அடித்துக் கட்ட. ஆனால் மறைவில் நிறுத்துவதில்லை. பக்கத்தில் இருப்பவர் யாரானாலும், "பாத்துக்குங்க பாய்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன். பெற்ற பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிறார்கள். சகோதரர்களே, நீங்களும் கட்டுங்கள், பூட்டுங்கள், பிறகு அல்லாஹ்விடம் கேளுங்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே கேளுங்கள், அவன் தாங்குவான். பதில் வரும்போது உங்கள் தோளை ஒட்டி நிற்பவர் முகத்தையும் கொஞ்சம் பாருங்கள்.

அந்தத் திருடனை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. பிள்ளையின் கொலுசை எடுத்தவன். அதற்கும் எனக்காகத் துஆ செய்யுங்கள்.