புது சைட் மாட்டிய வாரம்

மகளின் ஏர் பிஸ்டலில் பின்சைட் உடைந்தபோது ஆயுத பூஜைக்கு நான்கு நாள் இருந்தது. பிஸ்டலின் பின்பக்கம், நடுவில் பிளவு வைத்த சின்னத் தகடு அது. குறி பார்ப்பது அதன் வழியாகத்தான். பூஜை முடிந்து ஒரு வாரத்தில் மாநிலப் போட்டிக்கான தேர்வு. புதுத் தகடு கூரியரில் வந்தது. நல்ல நாளில் மாட்டலாம் என்று நான்தான் சொன்னேன். பூஜை முடிந்த கையோடு என் கணவர் வீட்டிலேயே உட்கார்ந்து மாட்டினார்.

மறுநாள் கொல்லையில் பத்து மீட்டர் அளந்து மகள் சுட்டாள். குண்டெல்லாம் இடப்பக்கம் ஒதுங்கியது. திருகைத் திருப்பினால் நான்கு குண்டு சரியாகப் போகும், ஐந்தாவது மறுபடி ஒதுங்கும்.

எனக்குக் கணவர் மேல் சந்தேகம் வந்தது. புதுச்சத்திரத்தில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிச் சாமான்களுக்கு லேத் ஓட்டுகிறவர் அவர். ஒரு நூல் பிசகினாலும் கடைந்ததைத் தூக்கி எறிகிற மனுஷன், இத்தனூண்டு தகட்டையா கோணலாக மாட்டுவார்? போன மாதம்தான், "இந்த வருசத்தோட துப்பாக்கி போதும், மாப்பிள்ளை பாக்கலாம்" என்றிருந்தார். இரண்டையும் முடிச்சுப் போட்டேன். சந்தேகப்பட ஆரம்பித்தால் என் புத்தி நிற்காது. "இன்னும் ஒதுங்குதா, குடு பாக்கறேன்" என்று அவர் கை நீட்டியதுகூட கள்ளத்தனமாகத் தெரிந்தது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "உங்கப்பா வேணும்னே பண்ணியிருக்கறாரு சாமி, இனி அவர் கையில குடுக்காத" என்று மகளிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் அப்பாவோடு பேசவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள், மகள் கல்லூரிக்குப் போனதும் நானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். தகட்டைக் கழற்றினால், அடியில் ஒரு ஓரமாகக் காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம். பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. அதன் மேல் உட்கார்ந்த தகடு, சுடச் சுட நகர்ந்திருக்கிறது.

பூஜையன்று பட்டறை லேத் முதல் வீட்டு அரிவாள்மனை வரை பொட்டு வைத்தவள் நான். தகடில்லாமல் கிடந்த பிஸ்டலில், அந்த மொட்டை இடத்தில் வைத்ததும் நான்தான்.

சாயந்திரம் அவர் வந்ததும் காட்டினேன். "ஏனுங்க, மாட்டறப்ப இதப் பாக்கலீங்களா?"

"பாத்தேன். பூசைல வெச்ச பொட்டு, அன்னைக்கே எப்படித் தொடைக்கறது? மெல்லிசாத்தான இருக்குதுன்னு மேலயே மாட்டிட்டேன். ஒதுங்குதுன்னதும் கழட்டிப் பாக்கலாம்னு கேட்டேன். புள்ள எங்கையில குடுக்கவே மாட்டேங்கறா. ஏன்னு தெரியல."

எனக்கு அவமானமாக இருந்தது. ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்துக் கொடுத்தேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தகட்டைப் பொருத்தினார்.

கடைசித் திருகை முடுக்கும்போது மகள் உள்ளே வந்தாள். பையைக்கூட இறக்காமல், அவர் கையிலிருந்து பிஸ்டலை வெடுக்கென்று பிடுங்கினாள். அவர் என்னைப் பார்த்தார். மகளிடம் சொல்லிவைத்ததைப் பற்றி நான் இன்னும் வாயைத் திறந்திருக்கவில்லை.