காய்ச்சல் வராத தெரு

அம்மைகுத்துப் பாயை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வருவது அவர் சைக்கிள் கைப்பிடியில் தொங்கிய மண்கலயம்தான். படி அரிசி கொள்ளாத சின்னக் கலயம். உள்ளே ஈர மணல். மணலுக்குள் செருகிய மெல்லிய கண்ணாடிக் குழல்களில், பெரியம்மை வராமல் தடுக்கக் குத்தும் அம்மைப்பால், சென்னையிலிருந்து தபாலில் வந்தது. கலயத்தைச் சுற்றி நனைத்த சாக்குத் துண்டு. வழியில் எந்தக் கிணற்றடியைக் கண்டாலும் இறங்கி, முதலில் சாக்கை நனைப்பார். பிறகுதான் தாம் குடிப்பார். "இதுக்குத் தாகம் எடுத்துச்சுன்னா எஞ் சோத்துல மண்ணு, நர்ஸம்மா" என்பார்.

அவரை எல்லோரும் அந்தப் பெயரால்தான் கூப்பிட்டார்கள். இருபது வருடங்களாக ராஜபாளையத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பிள்ளைகளுக்கு அம்மை குத்துவது அவர் உத்தியோகம். நான் அப்போது இருபத்திரண்டு வயதுப் பெண். மதுரையில் பிரசவம் பார்க்கும் படிப்பும் சென்னையில் சுகாதாரப் படிப்பும் முடித்து, ராஜபாளையத்தில் ஹெல்த் விசிட்டராக வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பிரசவமான வீட்டுக்குப் பத்து நாள் போவது, பிள்ளைகளை எடை போடுவது, கொதித்த தண்ணீரைப் பற்றிப் பேசுவது, எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவது என்று என் வேலைகளுக்கு ஒரு பட்டியல் இருந்தது. பட்டியல் இல்லாமல் எனக்குக் காலையில் எழுந்திருக்கவே தெரியாது.

எங்கள் இருவருக்கும் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். நான் பஸ்ஸில் வருவேன். யுத்த காலமாகையால் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ் அது. கொஞ்சம் ஏற்றம் வந்தால் நின்றுவிடும். ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். பாய் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போகும்போது, "என்ன நர்ஸம்மா, பஸ்ஸுக்கு மூச்சு வாங்குதா? செத்த நேரம் உக்காரச் சொல்லுங்க. நான் முன்னால போயி நீங்க வாரீகன்னு சொல்லுதேன்" என்று கத்துவார். பஸ் முழுவதும் சிரிக்கும். நான் மட்டும் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்ப்பேன்.

அவரிடம் எனக்கு மரியாதை உண்டு, மதிப்பு இல்லை. அப்படித்தான் சொல்ல வேண்டும். அவர் மூக்கின் திறமையை நானே கண்டிருக்கிறேன். அம்மை கண்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏற்ற மாட்டார்கள், தாளிப்பு கிடையாது. வெளியிலும் சொல்ல மாட்டார்கள். உச்சி வேளையில் தெருவோடு போகும்போது, கடுகு வெடிக்கும் வாசம் வராத வீட்டின் முன்னால் பாயின் சைக்கிள் தானாக நிற்கும். பெரும்பாலும் அது சரியாக இருக்கும். ஆனால் குத்தும் விதத்தில் அவரைப் பற்றி என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று குறைகள் எழுதி வைத்திருந்தேன். பிள்ளையின் கையை வெறும் சோப்புத் தண்ணீரால் கழுவி, துவைத்த பழந்துணியால் துடைக்கிறார். ஊசியைக் காய்ச்சும் விளக்குக்கு ஸ்பிரிட் வைத்திருந்தும் கையில் தடவுவதில்லை. வேலை நடக்கும்போது ஓயாமல் பேசுகிறார். பிரசவ வார்டில் படித்துவந்த எனக்கு அந்தப் பழந்துணியைப் பார்த்தாலே உடம்பு கூசும்.

அந்த வருடக் கோடையில் அம்மை வந்தது. தெலுங்கு பேசும் குடும்பங்கள் இருந்த ஒரு தெருவில், வெளி ஆண்பிள்ளை வீட்டுக்குள் வருவதும் இல்லை, பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு வருவதும் இல்லை. பாய் வருடா வருடம் அங்கே போய்த் திரும்பிவிடுவார். இந்த முறை நான் உள்ளே போய்க் குத்துவது என்றும், அவர் அடுத்த தெருவில் குத்தி முடித்து வந்து, தெருமுனையில் நான் எழுதித் தரும் சீட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என்றும் பேசிக்கொண்டோம். குத்தும் விதம் எனக்கும் படிப்பில் சொல்லிக்கொடுத்ததுதான். கையில் ஒரு சொட்டுப் பால் விட்டு, சிறு பற்கள் உள்ள ஊசியை அதன்மேல் வைத்து ஒரு திருகு. பதிவேட்டில் கையெழுத்து மட்டும் பாயுடையது, ஏனென்றால் அம்மை குத்தும் உத்தியோகம் அவருடையது.

அன்று காலை நான் இருபத்துமூன்று பிள்ளைகளுக்குக் குத்தினேன். ஒவ்வொரு கையையும் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அழுந்தத் துடைத்தேன். ஈரம் பளபளக்கும்போதே பாலை விட்டேன். பழந்துணி இல்லை, பேச்சு இல்லை, வீட்டுக்கு இரண்டே நிமிடம். அடுத்த தெருவில் பாய் பதினாறு பேரை முடிப்பதற்குள் நான் இங்கே முடித்துவிட்டேன்.

நான்கைந்து நாள் கழித்து எனக்கு ஒரு புகழ் கிளம்பியது. மூலை வீட்டு அம்மா, தெலுங்கு வழக்கில் சிறுமி என்ற பொருளில் 'அம்மாயி' என்று அவர்கள் கூப்பிடும் மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

"நர்ஸம்மா, உங்க கை பூ மாதிரி. பக்கத்துத் தெருவுல பாய் குத்துன பிள்ளைகளுக்கெல்லாம் கை வீங்கி, காய்ச்சலு, அழுகை. எங்க அம்மாயிக்குப் பாருங்க, ஒண்ணுமே இல்லை. எம்புட்டு ராசியான கை!"

அடுத்த தெருப் பெண்கள் இரண்டு பேர், இனி எங்களுக்கும் நீங்களே வாருங்கள் என்றார்கள். நான் அடக்கமாகச் சிரித்தேன். பஸ்ஸில் அன்று பாய் கத்திய கேலிக்குக்கூடச் சிரித்தேன். காய்ச்சல் வராததற்கும் கை வீங்காததற்கும் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். படித்தவள்தான். ஆனால் புகழைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது படித்தது ஞாபகம் வருவதில்லை.

எட்டாம் நாள் மேல் அதிகாரி சொல்லாமல் வந்து பார்வையிட்டார். அடுத்த தெருவின் பதினாறு கைகளிலும் கொப்புளம் எழும்பியிருந்தது. என் தெருவின் இருபத்துமூன்று கைகளிலும் ஒன்றுமில்லை, ஊசிக் கீறல்கூட மறைந்திருந்தது. அதிகாரிக்குக் கணக்கு எளிதாக இருந்தது. ஒரு தெருவில் குத்திவிட்டு, குத்தாத தெருவுக்கும் சேர்த்துப் பாய் எழுதிவிட்டார் என்றார். பாய் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். ஏழு நாளில் விளக்கம் எழுத வேண்டும், அதுவரை ஊசியைத் தொடக்கூடாது என்று உத்தரவாயிற்று. விளக்கம் சரியில்லை என்றால் வேலை போகும். அவருக்கு மூன்று பெண்கள்.

அதிகாரி போனபின் அவரிடம் கேட்டேன். "நான்தான் குத்துனேன்னு ஏன் பாய் சொல்லலை?"

"சொன்னா? பதிவேட்டுல ஏன் உன் கையெழுத்துன்னு கேப்பாக. பொறவு ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து விசிறிக்கிட வேண்டியதுதான். ஒருத்தர் விசிறினாப் போதும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "குத்துனீகள்ல, நர்ஸம்மா?" என்றார்.

அந்தக் கேள்வி என்னை அடித்ததுபோல் அதிகாரியின் பேச்சு அடிக்கவில்லை. "குத்துனேன்" என்றேன். "அது போதும்" என்று சாக்கை நனைக்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளை நடுவில் மடித்தேன். இடப்பக்கம் அவர், வலப்பக்கம் நான். அதே பால், அதே கலயம், ஒரே மாதிரி ஊசி, ஒரே காலை. பிள்ளைகளின் வயதும் ஏறக்குறைய ஒன்றே. வரிசையாக எழுதி, ஒன்றாக இருப்பதை எல்லாம் அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் இடப்பக்கம் 'சோப்புத் தண்ணீர், துணி' என்பதும் வலப்பக்கம் 'ஸ்பிரிட்' என்பதும் மட்டும் மிஞ்சின. பெட்டியிலிருந்து என் படிப்புக் காலத்து நோட்டை எடுத்தேன். என் சொந்தக் கையெழுத்தில், அடிக்கோடு போட்டு இருந்தது: ஸ்பிரிட் ஈரம் முழுதும் உலர்ந்த பிறகே பால் விட வேண்டும், இல்லையேல் பால் செத்துவிடும். இருபத்துமூன்று பிள்ளைகளுக்கும் நான் செத்த பாலைக் குத்தியிருந்தேன். அந்த அளவுக்குச் சுத்தமாக.

மறுநாள் காலையில் நடந்ததை நடந்தபடி எழுதி, கையெழுத்துப் போட்டு அதிகாரிக்கு அனுப்பினேன். நான் இன்னும் நிரந்தரமாகாதவள். ஒரு வரி உத்தரவில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்தத் தெருவுக்குப் பின்புறச் சந்தில் ஒரு வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தார்கள். பாய் தெருமுனையில் கலயத்தோடு காத்திருந்தார். தபாலில் புதுப்பால் வந்திருந்தது. நான் ஸ்பிரிட் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அடேயப்பா, இருபது வருசம் குத்தியிருக்கேன், எனக்கே தெரியாத தப்பு! நான் கஞ்சத்தனத்துல தடவாம இருந்தேன் நர்ஸம்மா. ஸ்பிரிட்டுக்கு எவன் கணக்குச் சொல்லுததுன்னு."

மூலை வீட்டில்தான் தொடங்கினேன். அந்த அம்மாவிடம், காய்ச்சல் வராதது என் கைராசி இல்லை, நான் செய்த தப்பு என்று சொன்னேன். கை வீங்கிக் காய்ச்சல் வந்தால்தான் பால் பிடித்தது என்று அர்த்தம் என்றேன்.

"அப்ப அன்னிக்குக் குத்துனது?"

"வீண்."

"எம் பிள்ளைக்குமா?"

"எல்லாப் பிள்ளைகளுக்கும்."

அவள் மகளை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "நம்பித்தானே கையக் காட்டுனோம்" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். தெருப்பக்கம் எட்டிப் பார்த்து, "பாய் எங்க?" என்றாள்.

"தெருமுனையில நிக்கிறார்."

"வரச் சொல்லுங்க. அவிய கையால குத்தட்டும்."

அந்த வீட்டுக்குள் வெளி ஆண்பிள்ளை வருவது அதுதான் முதல் தடவையாக இருந்திருக்க வேண்டும். பாய் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு, நிலைப்படிக்கு வெளியே நின்றார்.

"எனக்கு ஊசி தொடக்கூடாதுன்னு ஆர்டரு, தாயி. நர்ஸம்மாதான் குத்தணும். நான் பிள்ளை கையப் பிடிச்சிக்கிடுதேன்."

"இவிய மறுபடியும் தப்பாக் குத்திட்டா?"

"நான் பார்த்துக்கிட்டேதான நிக்கப் போறேன். எனக்கு வாய் ஓயாதுன்னு ஊருக்கே தெரியும். தப்பு நடந்தா மலை வரைக்கும் கேக்குத மாதிரிக் கத்துவேன்."

அவள் சிரித்துவிட்டாள். பாய் உள்ளே வந்தார். பழந்துணியை அவரே நீட்டினார், நான் வாங்கிக்கொண்டேன். வீடு வீடாக அப்படியே போனோம். அவர் கையைப் பிடிப்பார், நான் கழுவித் துடைத்துக் குத்துவேன், குத்திய இடம் உலரும்வரை அவர் பேசுவார். "ஏலே, நீ அழுதா உங்க வீட்டு நாய் என்னைக் கடிக்கும். எனக்காகச் செத்த அழாம இரு" என்று ஒரு பையனிடம் கெஞ்சினார். அந்த ஓயாத பேச்சு எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஈரம் உலரும் முன்னே தாய்மார் துடைத்துவிடாமல் இருக்க அவர் கண்ட வழி அது. என் நோட்டின் மூன்றாவது குறையை அன்றே அடித்துவிட்டேன். முதல் இரண்டையும் முன்பே அடித்தாகிவிட்டது.

நான்காம் நாள் நான் அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது உச்சிப் பொழுது. மூலை வீட்டில் தாளிப்பு வாசம் இல்லை. அம்மாயிக்கு இரண்டு நாள் முன்பே காய்ச்சல் கண்டு, முகத்தில் முத்து தெரியத் தொடங்கியிருந்தது. நாங்கள் இரண்டாம் முறை போவதற்கு முன்பே அம்மை அவளைத் தொட்டுவிட்டது. அம்மன் பேரில் வேண்டிக்கொண்டு அவள் தாய் உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரம் தினமும் போனேன். பாய் இளநீர் கொண்டுவந்து நிலைப்படியில் வைத்துவிட்டுப் போவார். குழந்தை பிழைத்தது. முகத்தில் வடுக்கள் நின்றுவிட்டன, கையில் குத்திய இடத்தில் மட்டும் தழும்பு எழவில்லை.

மற்ற இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் கை வீங்கியது, காய்ச்சல் வந்தது. அந்த வாரம் தெரு முழுவதும் என்னை வைத வசவைப்போல இனிமையான ஒன்றை நான் அதற்கப்புறம் கேட்டதில்லை. பாய்க்கு வேலை திரும்பக் கிடைத்தது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும், நிரந்தரமாவதற்கு இன்னும் ஒரு வருடக் காத்திருப்பும் கிடைத்தன.

இப்போது யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்துவிட்டது. பஸ் மறுபடியும் பெட்ரோலில் ஓடுகிறது, ஏற்றத்தில் நிற்பதில்லை. பாய் வேலையிலிருந்து விலகி, மூத்த மகள் வீட்டில் இருக்கிறார். போன வாரம் மூலை வீட்டில் புதிதாகப் பிறந்த ஆண்பிள்ளைக்கு அம்மை குத்தப் போனேன். அம்மாயிக்கு இப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் போகிறாள். தம்பியின் கைக்குப் பக்கத்திலேயே முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் சட்டைக் கையைத் தூக்கித் தேடினாள்.

"எங்க வகுப்புல எல்லாருக்கும் கையில தழும்பு இருக்கு. எனக்கு ஏன் இல்லை?"

"உனக்கு அம்மன் முகத்துலயே போட்டுட்டா" என்றாள் தாய் வேகமாக, என்னைப் பார்க்காமல். எனக்காகத்தான் அப்படிச் சொன்னாள்.

நான் துணியைக் கீழே வைத்தேன். "அம்மன் இல்லைம்மா. நான் உனக்கு முதல்ல தப்பாக் குத்திட்டேன். சரியாக் குத்த வரும்போது நேரம் கடந்துபோச்சு" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வடுக்கள் நிறைந்த, மிகவும் கூர்மையான முகம். பிறகு தம்பியின் கையை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"இவனுக்குச் சரியாக் குத்துங்க" என்றாள். "நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."