பதினொன்று எண்ணுவதற்குள்

அடுப்பில் தேநீர் பொங்கி விளிம்புக்கு வரும்போது தஹபோ இடது கையைத் திருப்பி மணி பார்ப்பாள். "நாலு நிமிஷம் இருபது செகண்டு. நேத்தைவிட அரை நிமிஷம் ஜாஸ்தி. கரிக்காரன் ஈரக்கரியைத் தலையில கட்டிட்டான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் பாத்திரத்தை இறக்குவாள்.

கட்டியிருப்பது ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். முகப்பு உள்ளங்கைப் பக்கம் இருக்கும். இருபத்து மூன்று வருடமாகப் பிரசவ விடுதியில் தாதியாக நாடி பிடித்துப் பழகிய கை. அந்தக் கையிடம் எதுவும் தப்பாது. பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டை சராசரியாகப் பதினெட்டு நிமிடம். கல்யாணத்துக்குக் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டார் தாமதம் ஒன்றே கால் மணி. பள்ளிவாசல் மோதினார் பாங்கு சொல்லப் படியேறும் முன் அவள் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்ப்பார் என்றும், அவள் வீட்டுச் சேவல் அவளிடம் கேட்டுக்கொண்டுதான் கூவும் என்றும் புராவ் நகரத்தில் பேச்சு. சேவல் விஷயம் புளுகு. மோதினார் விஷயம் மெய்.

தாய் தகப்பன் வைத்த பெயர் இந்த ஊரில் யாருக்கும் நிலைத்ததில்லை. காலையில் ஒரு பல் விழுந்தால் மாலைக்குள் 'ஓட்டைவாய்' என்று ஆகிவிடும். பேரன் பிறந்த பிறகும் அதுதான் விலாசம். இவள் கடிகாரத் தஹபோ. கோபித்துக்கொள்வதில்லை. "நல்லவேளை, மூக்கைப் பார்த்துப் பேர் வைக்கலை" என்பாள். மூக்கு அப்படி.

புதன்கிழமைதோறும் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். கையில் இரண்டு சின்ன மஞ்சள் பிளாஸ்டிக் கேன். ஒன்றுக்கு மூடி கிடையாது. மற்றதன் மூடியில் ஆணியால் குத்திய ஒரே ஒரு துளை. இரண்டிலும் தண்ணீரை நிரப்பி, எட்டாம் வகுப்புப் பெண்கள் இருவரைக் கூப்பிட்டுத் தலைகீழாகப் பிடிக்கச் சொல்வாள். திறந்த கேன் ஒன்பது எண்ணுவதற்குள் காலி. மற்றது சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலேதான் அவள் பாடம் நடக்கும்.

"ஏழெட்டு வயசுல நம்மளைக் கால் இடுக்குல வெட்டித் தைச்சு, ஒரு துளையை மட்டும் விட்டுட்டு மூடினாங்க இல்லையா? அதுதான் இந்த மூடி. உள்ளே தேங்கின தண்ணி என்ன பண்ணும்?"

"நாறும் அத்தை!"

"வயித்துக்குள்ளேயும் அதேதான். எரிச்சல், அடிவயித்து வலி, முதுகு வலி, குளிர்க் காய்ச்சல். மாசா மாசம் வர்ற ரத்தமும் இந்த ஒரு வழியாத்தான் வரணும். 'பொம்பளைன்னா வலிக்கத்தான் செய்யும்'னு வீட்டுல சொல்வாங்க. பொம்பளைக்கு வலிக்காதுடி. மூடிக்குத்தான் வலிக்கும்."

பெண்கள் முக்காட்டு முனையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும் பையிலிருந்து ஒரு எலாஸ்டிக் நாடாவை எடுப்பாள். நடுவில் நூலால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்துக் கெட்டித்துப் போன நாடா. இழுத்துக் காட்டுவாள். இரண்டு பக்கமும் நீளும். தைத்த இடம் அசையாது. "தழும்பும் இப்படித்தான். குழந்தை தலை வர்றப்போ இது விரிஞ்சு கொடுக்கணும். கொடுக்கலைன்னா கிழியும். இல்லைன்னா குழந்தை வாசல்ல காத்துக்கிட்டு நிக்கும்."

"எவ்வளவு நேரம் அத்தை நிக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள் ஒரு புதன்கிழமை.

"என் மூத்தது நாற்பத்தோரு மணி நேரம் நின்னுச்சு."

கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாள். அந்தப் பிள்ளைக்குப் பிறகு வாங்கிய கடிகாரம் அது.

கணக்கு வாத்தியார் ஃபாராவுக்கு ஊர் வைத்த பெயர் 'ஒட்டகக் கழுத்து'. இடைவேளை முடிந்து கழிப்பறையிலிருந்து தாமதமாக வரும் பெண்களின் பெயரைப் பலகையில் எழுதி நிற்க வைப்பது அவர் வழக்கம். ஒருநாள் தஹபோ சொட்டுகிற கேனை அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

"எவ்வளவு நேரம்மா இதைத் தூக்கிக்கிட்டு நிக்கிறது?"

"காலியாகிற வரைக்கும் சார்."

"அதுக்குள்ள பெல் அடிச்சிட்டா?"

"உங்க பேரைப் பலகையில எழுதிடுவோம்."

வாத்தியாரின் நீளமான கழுத்து தோளுக்குள் இறங்கிப் போயிற்று. மறுநாளிலிருந்து பலகையில் கணக்கு மட்டும்தான்.

பாடம் முடியும்போது வீட்டுப்பாடமும் உண்டு. கழிப்பறைக்குப் போனால் மனதுக்குள் எண்ண வேண்டும். வீட்டில் இன்னும் வெட்டப்படாத சின்னக் குழந்தை இருந்தால், அது போகும்போதும் எண்ண வேண்டும். அடுத்த புதன்கிழமை விடை கேட்டபோது பர்வாகோ என்ற பதினாலு வயதுப் பெண் எழுந்து நின்றாள். கெட்டிக்காரி, இருந்தாலும் வகுப்பில் பாதி நாள் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள்.

"நான் முந்நூத்தி எண்பது வரைக்கும் எண்ணினேன் அத்தை. அப்புறம் மறந்துட்டேன். தங்கச்சி ஷாமிஸ் போனா. ஏதோ ஓடியாடிப் பாதியில வந்துட்டான்னு திரும்ப அனுப்பினேன். அவ முடிச்சிருந்தா." குரல் இறங்கியது. "பதினொண்ணு. பொம்பளைங்க எல்லாருக்கும் என்னை மாதிரித்தான் ஆகும்னு நினைச்சிருந்தேன்."

வகுப்பு சிரிக்கவில்லை. அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

மற்றவர்கள் போன பிறகு பர்வாகோ நின்றாள். ஷாமிஸுக்கு ஏழு வயது. லீவு விட்டதும் அடுத்த வெள்ளிக்கிழமை வெட்டுகிறவளை வரச் சொல்லி அம்மா ஏற்பாடு செய்திருக்கிறாள். புதுத் துணியும் எடுத்தாயிற்று.

"உன் முதுகு வலிக்கு நாளைக்கே விடுதிக்கு வா. மருந்து இருக்கு. தையலைப் பிரிச்சுவிடவும் டாக்டரம்மா இருக்காங்க, அதுக்குக் கல்யாணம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்" என்றாள் தஹபோ. "தங்கச்சி விஷயம் உங்கம்மாகிட்டத்தான் பேசணும்."

பேசப் போக வேண்டிய தேவை வரவில்லை. மறுநாள் காலை மகளுக்கு முன்னால் அம்மா எபாடோவே விடுதிக்கு வந்துவிட்டாள். எபாடோவின் குரல் வறண்ட ஆற்றுக்கு அந்தக் கரையில் மேயும் ஆட்டைத் திருப்பும். அன்று பிரசவ அறையில் ஒருத்தி வலி மறந்து எட்டிப் பார்த்தாள் என்று தாதிகள் சொல்கிறார்கள்.

"வெட்கம் கெட்டவளே! எம்புள்ளைங்க கக்கூஸ்ல எண்ணிக்கிட்டு உக்காந்திருக்குதுங்க! இதையா படிக்க அனுப்பினேன்?"

"உக்காருங்க அக்கா. இதைக் கொஞ்சம் பிடிங்க, வந்துடறேன்" என்று கேனைத் தலைகீழாக அவள் கையில் திணித்துவிட்டுத் தஹபோ ஒரு கைக்குழந்தையை எடை போடப் போனாள். திட்டுகிற வேகத்தில் எபாடோ வாங்கிக்கொண்டாள். கீழே வாளி இருந்தது. சொட்ட ஆரம்பித்தது.

"நான் பழைய மாதிரி தைக்கப் போறதில்லை. சின்னதா ஒரு வெட்டுத்தான்!"

"ஏழு வயசுப் புள்ளை துள்ளும் அக்கா. துள்ளுற இடத்துல கத்திக்குச் சின்னது பெரிசு தெரியுமா? போன மாசம் 'சின்னதா' வெட்டின ஒண்ணு ரத்தம் நிக்காம இதே பெஞ்சிலதான் கிடந்துச்சு. புண்ணு ஆறுறப்போ ஒட்டிக்கிச்சு. இப்ப அதுக்கும் இதே சொட்டுத்தான்."

"உனக்கென்ன, சொல்லிடுவே. இந்த ஊரைத் தெரியாதா? 'வெட்டாதவ'ன்னு பேர் வெச்சிடுவாங்க. கிழவியானாலும் போகாது. எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

இதுதான் பயம். தஹபோ குழந்தையை அதன் தாயிடம் கொடுத்துவிட்டு எபாடோ எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"பேர் வைப்பாங்கதான் அக்கா. என்னையே கடிகாரம்ங்கிறாங்க. அந்தப் பேரால நான் ஒரு நாள் காய்ச்சல்ல படுத்ததில்லை. என் மூத்தது மண்ணுக்குப் போனது பேராலயா?"

வாளியில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. எபாடோவுக்குக் கை வலித்திருக்க வேண்டும், கேனை மாற்றிப் பிடித்தாள்.

"இது எப்பத்தான் முடியும்?"

"நீங்கதான் சொல்லணும். உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும் அக்கா?"

எபாடோவுக்கு ஐந்து பிரசவம். ஐந்து தடவையும் இதே விடுதியில்தான் பழைய தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்தார்கள். அவள் கேனை நிமிர்த்தினாள். மூடியைத் திருகிக் கழற்றித் தன் முந்தானை முனையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

தஹபோ புது மூடி தேடி ஆணியைக் காய்ச்சினாள். அந்த வாரம் தேநீர் மூன்று தடவை பொங்கி வழிந்தது. அவள் மணி பார்க்கவில்லை.

அந்த வெள்ளி கழிந்து மறுநாள், தடுப்பூசி அட்டைகளை எடுத்துக்கொண்டு எபாடோ வீட்டுக்குப் போனாள். ஷாமிஸ் எங்கும் தெரியவில்லை. எபாடோ நலம் விசாரித்தாள், பாய் விரித்தாள், தேநீர் ஊற்றினாள். அந்த வெள்ளியைப் பற்றிப் பேசவில்லை. தஹபோவும் கேட்கவில்லை. கோப்பை பாதி காலியானபோது புதுச் சட்டை போட்ட ஷாமிஸ் ஆட்டுக்குட்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தாள். நேராக முற்றத்து மூலைத் தகரக் கதவுக்குள் போனாள்.

தஹபோவின் இடது கை தானாகத் திரும்பியது. எபாடோவின் ஆள்காட்டி விரல் கோப்பை விளிம்பில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

தகரக் கதவு படாரென்று அடித்தது. குழந்தை ஆட்டுக்குட்டியிடம் ஓடினாள். விரல் பதினொன்றில் நின்றிருந்தது.

தஹபோ சட்டைக் கையைக் கடிகாரத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றச் சொல்லிக் கோப்பையை நீட்டினாள்.