நயவுரையில் வெளிவந்த கொலையாளி

என் முதல் நாவலில் கொலையாளி யார் என்பது கடைசி அத்தியாயம் வரை தெரியக்கூடாது என்று நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வெளியீட்டு விழாவில் நயவுரை சொல்ல வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் அதை எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் பக்கத்தில் நயவுரை என்றால், நூலை முழுதாக வாசித்தேன் என்று சபைக்கு நிரூபிப்பது. கதையை முதலிலிருந்து முடிவு வரை சொல்லி, இடையிடையே எழுதியவரைப் புகழ்ந்து, கடைசியில் சில அச்சுப்பிழைகளையும் சுட்டிக்காட்டினால்தான் மனுசன் நன்றாகப் பேசினார் என்பார்கள். கவிதைத் தொகுதிக்கு அது சரி. துப்பறியும் நாவலுக்கு ஆகாது என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நாவல் ஒரு தேவாலயப் பாடகர் குழாத்தில் நடக்கிறது. ஓர்கன் வாசிப்பவர் கொல்லப்படுகிறார். குழாத்தில் பாடும் தையற்காரி ஒருத்தி, பொலிசுக்குப் பிடிபடாததைக் காதால் கண்டுபிடிக்கிறாள். இறந்தவரின் அடக்கப் பூசையில் ஒரு பெண் வாயை மட்டும் அசைக்கிறாள், சத்தம் வரவில்லை. கொன்றவளால் அவருக்காகப் பாட முடியவில்லை.

"இரண்டாம் வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்த அந்தப் பெண்தான் கொலையாளி" என்று ஆசிரியர் சந்தோசமாக அறிவித்தார். குருநகர்த் தேவாலயத்தில் நான் சின்ன வயதிலிருந்து பாடும் குழாம், வரவேற்புப் பாடலைப் பாடிவிட்டு மண்டபத்தின் ஓரத்தில் இருந்தது. எங்கள் சனம் நாவலில் கொலையாளியைத் தேடுவதில்லை, யாரைப் பார்த்து எழுதியிருக்கிறது என்றுதான் தேடும். தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. இரண்டாம் வரிசையில் எப்போதும் என் பக்கத்தில் நிற்கும் என் சிநேகிதியைப் பார்த்தன. பிறகு சிறப்புப் பிரதி வாங்க அவளை மேடைக்கு அழைத்தபோது அவளுடைய கதிரை வெறுமையாக இருந்தது.

அவர்கள் வரிசையை வைத்துத்தான் பார்த்தார்கள். அவள் ஒருநாள் வாயை மட்டும் அசைத்தது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அவளுடைய அண்ணையின் அடக்கப் பூசை அது. அவள் வீட்டுக்கும் அண்ணை வீட்டுக்கும் நெடுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. முன்வரிசை வாங்கில் குடும்பத்தோடு இருக்காமல் எங்களோடு வந்து நின்றாள். பாட்டுத் தொடங்கியது, உதடு அசைந்தது, குரல் வரவில்லை. நான் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. நாவலுக்குத் தடயம் ஒன்று தேவைப்பட்டபோது அது தானாக வந்து விழுந்தது. அண்ணையை ஓர்கன் வாசிப்பவராக மாற்றினேன், துக்கத்தைக் குற்றமாக்கினேன், எல்லாம் என் கற்பனை என்று நம்பியும்விட்டேன்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. எழுதுகிறவள் எதைத்தான் எழுதுவது? ஆனால் அடுத்த பயிற்சிக்கு அவள் முதல் வரிசையின் மற்ற அந்தத்தில் போய் நின்றபோது என் வீறாப்பு இறங்கிவிட்டது. நான் சுருதி பிடிப்பதே அவள் மூச்சிலிருந்துதான். பாட்டுக்கு முன் அவள் மூச்சை இழுத்து மெல்ல முனகுவாள், நான் அதைத் தொட்டுக்கொண்டு போவேன். அது இல்லாமல் தவக்காலம் முழுக்கப் பிழையாகப் பாடினேன். இனி அவள் என்னோடு கதைக்கவே மாட்டாளோ என்று பயந்தேன்.

பெரிய வியாழன் பாட்டுகளுக்கான பயிற்சியன்று, மற்றவர்கள் வரமுன் அவள் வந்தாள்.

"வாசிச்சு முடிச்சிட்டன்" என்றாள்.

"அது நீ இல்லையடி. கற்பனை."

"கற்பனையெண்டா இருக்கட்டும். ஆனா ஒரு இடம் பிழை. ஒருத்தி பாடாட்டில் எங்கடை ஆல்ட்டோக் குரல் மெலிஞ்சு போகுமெல்லே? அண்டைக்குக் கோயில் நிறையச் சனம். ஒருத்தருக்கும் தெரியேல்லை. ஏன் தெரியேல்லை?"

நான் பாட்டுப் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டினேன்.

"பக்கத்திலை நிண்டவள் ரெண்டு பேருக்குமாச் சேர்த்துப் பாடினவள். நான் பாடாததை எழுதினனி. அதை ஏன் எழுதாமல் விட்டனி?"

அப்படிப் பாடியது எனக்கு ஞாபகமே இல்லை. அவள் இத்தனை காலம் ஞாபகம் வைத்திருந்தாள். அதற்குள் மற்றவர்கள் வந்துவிட்டார்கள். அவள் தன் பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இரண்டாம் வரிசைக்கு, என் பக்கத்துக்கு வந்தாள். ஓர்கன் தொடங்கியது. அவள் மூச்சை இழுப்பது கேட்டது. நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. உதட்டை அசைத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமலே குரலை உயர்த்தினாள்.