சாகாத மீன் கேட்டு வந்தவர்கள்

உயிருள்ள சரக்கு விற்றவர்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். மளிகைக் கடையில் வாங்கிய பருப்பு செத்துப்போச்சு என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. எண்பதுகளில் நான் வாணியம்பாடியில் கலர் மீன் கடை வைத்திருந்தேன். கடல் மீன் வாங்க எனக்கு இருந்த ஒரே வாடிக்கையாளர் ஜமுனாமரத்தூரில், மலைமேல் இருந்தார்.

கடற்கரைக்காரி

அவர் மலை ஆஸ்பத்திரி நர்ஸ். சொந்த ஊர் தூத்துக்குடி. ஊர் நினைப்பு தாங்காமல் தொட்டி வைக்க வந்தவர், மஞ்சள் வண்ணத்துப்பூச்சி மீன்தான் வேண்டும் என்றார். அது பவளப் பூச்சியைத் தவிர எதையும் தின்னாது, பட்டினி கிடந்தே சாகும், முதல் தொட்டிக்கு ஆகாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். வாங்கிக்கொண்டுதான் போனார்.

"கடக்கரையில பொறந்தவளுக்கே மீன் சொல்லித் தாறீயளா பாய்?"

பால்மானி

கடல் தண்ணீரை மெட்ராஸிலிருந்து கேனில் வரவழைத்து, மலை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோவேன். ஒருநாள் மலைப்பாதை வளைவில் என் உப்பு அளக்கும் கருவி உடைந்துவிட்டது. நர்ஸ் வீட்டுப் பக்கத்துப் பால் சொசைட்டிக்காரர் பாலின் அடர்த்தி பார்க்கும் தம் பால்மானியோடு உதவிக்கு வந்தார். மிதக்கவிட்டோம். இருபத்தைந்து காட்டியது. நல்ல கடல் தண்ணீருக்கும் அதே அளவுதான், எனக்கு நிம்மதி. பாலில் அந்த அளவு வந்தால் அவர் திருப்பி அனுப்பிவிடுவார் என்பது எனக்குத் தெரியாது.

"நல்லா ஏமாந்துட்டீங்க பாய். இதுல தண்ணி கலந்துக்கீறானுங்க."

சின்னபாப்பா

வண்ணத்துப்பூச்சி மீன் பத்தாம் நாள் செத்தது. நர்ஸ் இரண்டு நாள் அழுதார். மூன்றாம் நாள் தூத்துக்குடிக்கு மாற்றல் கேட்டு எழுதிப்போட்டார்.

மறுவாரம் சின்னபாப்பா என்ற பெண் மலையிறங்கி என் கடைக்கே வந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். முதல் பிரசவத்தில் அவளைப் பிழைக்கவைத்தது அந்த நர்ஸ்தான். குனிய முடியாததால் மேல்வரிசைத் தொட்டிகளை மட்டும் பார்த்தாள்.

"அழகா இருக்கறது வோணாம் பாய், நர்சம்மாவுக்கு சாவாத மீனா குடுங்க. எனுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குது."

நீல முரடன்

மீன் செத்தால் மீன் மட்டும்தான் சாகும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

டாம்சல் என்று ஒரு நீல மீன் கொடுத்தனுப்பினேன். விரல் நீளம்கூட இருக்காது. போட்டதைத் தின்னும், தண்ணீர் கொஞ்சம் கெட்டாலும் தாங்கும், கூட எந்த மீனை விட்டாலும் கடிக்கும். நர்ஸுக்கு அதைப் பிடிக்கவில்லை. விரலைக் கடிக்கிறது என்று இரண்டு முறை ஆள் சொல்லியனுப்பினார்.

இரண்டு மாதம் கழித்துத் தண்ணீர் மாற்றப் போனபோது, சின்னபாப்பா மடியில் பெண் குழந்தையோடு அங்கே உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் மாற்றல் உத்தரவு. எப்போது புறப்படுகிறீர்கள் என்றேன். நர்ஸ் என்னை முறைத்தார்.

"பஸ்ல கொண்டு போனா செத்துரும்லா பாய். விட்டுட்டுப் போனா இந்தக் கோவக்காரனுக்கு யாரு தீனி போடுவா? வரலன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

நான் விற்ற மீன்களிலேயே சம்பளம் வாங்காமல் ஆஸ்பத்திரி வேலை பார்த்தது அது ஒன்றுதான்.